பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஒரு பந்தயத்தடம்: எங்கே போவது?

பிரான்சுக்குப் போகிற கார் பந்தய ரசிகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “பாரிஸில் இறங்குகிறோம், ஒரு நாளோ இரண்டு நாளோ ஒதுக்க முடியும், எந்த சர்க்யூட்டைப் பார்ப்பது?” கேட்பவர் மனதில் ஒரு பதிலும் தயாராக இருக்கும்: 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான்ஸ். அந்தப் பெயருக்கு அவ்வளவு கனம். ஆனால் எல்லோருக்கும் அதையே சொல்லிவிட முடியாது. எந்த மாதத்தில் போகிறீர்கள், கார் ஓட்டுவீர்களா, கூட வருகிறவர்களுக்கும் பந்தயம் பிடிக்குமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தைப் பார்க்கப் போகிறீர்களா, பந்தயம் ஓடிய நிலத்தைப் பார்க்கப் போகிறீர்களா? மற்ற நாடுகளில் இது பெரிய வித்தியாசம் இல்லை. பிரான்சில் இவை இரண்டும் வேறு வேறு பயணங்கள். கார் பந்தயம் அங்கே வளர்ந்தது ஊர்ச் சாலைகளில். 1906ல் முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ (‘பெரும் பரிசு’ப் பந்தயம்) லெ மான்ஸ் பக்கத்துச் சாலைகளில் நடந்தபோது ஒரு சுற்றே 103 கிலோமீட்டர். இரண்டு நாள் ஓட்டினார்கள். ஹங்கேரியில் பிறந்த ஃபெரென்ஸ் ஸிஸ் ரெனோ காரில் வென்றார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக வயல்வெளி, திராட்சைத் தோட்டம், காடு, எரிமலைச் சரிவு என்று எங்கே நல்ல சாலை இருந்ததோ அங்கேயெல்லாம் பந்தயம் நடந்தது. பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின. சில தடங்கள் மூடப்பட்டன, சில சுருங்கின, சில புதிதாகக் கட்டப்பட்டன. ஆகவே இன்று பார்க்கக் கிடைப்பவற்றில் உயிரோடு இருப்பதும் உண்டு, பாதி உயிரோடு இருப்பதும் உண்டு, முற்றிலும் ஓய்ந்துபோனதும் உண்டு.

நான் ஒப்பிடும் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் எல்லாத் தடமும் தட்டையாகத் தெரியும். கேமரா ஏற்றத்தையும் இறக்கத்தையும் விழுங்கிவிடுகிறது. சாலை எவ்வளவு குறுகல், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாத இடம் எது, வேலி எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, இதெல்லாம் நேரில் நின்றால்தான் புரியும். காசு செலவழித்துப் போவதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். பந்தய முடிவு வீட்டில் உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். அதனால் நிலம் பேசுகிற இடங்களுக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன்.

இந்தக் கணக்கில் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: ரெய்ம்ஸ்-கியோ, லெ மான்ஸ், மாக்னி-கூர், டிஜோன்-பிரெனுவா, ஷராட். தெற்கே மார்செய் பக்கம் இருக்கும் போல் ரிக்கார் தடத்தை விட்டுவிட்டேன். 1970ல் திறந்தது, 2018 முதல் 2022 வரை, 2020 தவிர, பிரான்சின் ஃபார்முலா 1 பந்தயம் அங்கேதான் நடந்தது, மிஸ்திரால் என்ற நீண்ட நேர்ச்சாலைக்குப் பேர்போனது. இருந்தாலும் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட அகன்ற தார்ப்பரப்பு வண்டிகளைப் பார்வையாளரிடமிருந்து வெகுதூரம் தள்ளிவிடுகிறது. கடற்கரைப் பயணத்தோடு சேர்த்துப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நார்மண்டியில் ரூவான் நகருக்குப் பக்கத்தில் இருந்த லெஸ்ஸார் தடம் ஒரு காலத்தில் மிக அழகானது. 1962ல் டான் கர்னி போர்ஷே காரில் அங்கே வென்றார். ஆனால் அதன் கேலரிகளையும், பந்தயத்தின் நடுவே கார்களுக்குச் சக்கரம் மாற்றும் இடமான பிட்டுகளையும் 1999ல் இடித்துவிட்டார்கள். காட்டுச் சாலைதான் மிச்சம். வரலாறு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

சரி, பாரிஸிலிருந்து மிகச் சுலபமானதிலிருந்து தொடங்கலாம். கிழக்கு ரயில் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரெய்ம்ஸ். அங்கிருந்து மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் கியோ என்ற சிறு கிராமம். டி27 என்ற சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, இரு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில், திடீரென்று ஒரு பக்கம் வெள்ளையடித்த பிட் வரிசையும் எதிர்ப்பக்கம் கான்கிரீட் கேலரியும் எழுந்து நிற்கும். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை, காவலாளி இல்லை. நடுவே சாலையில் வண்டிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும். உண்மையில் பந்தயம் ஓடிய சாலையே அதுதான்.

1926லிருந்து அங்கே பந்தயம் நடந்தது. மூன்று ஊர்ச் சாலைகள் சேர்ந்த முக்கோணம். முதலில் கியோ கிராமத்துக்கு உள்ளேயே புகுந்து வெளியே வந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்படி மாற்றியதும் வேகம் இன்னும் கூடிப்போனது. 1953 பிரெஞ்சு கிராண்ட் பிரீயை இன்றும் பழைய ரசிகர்கள் மெய்சிலிர்த்துச் சொல்வார்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஃபெராரியில் இருந்த மைக் ஹாத்தோர்ன் மசராட்டியில் இருந்த ஃபாஞ்சியோவை ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் முந்தினார். மறுவருடம் மெர்சிடிஸ் நிறுவனம் சக்கரங்களையும் மூடிய வெள்ளிநிறக் கார்களோடு திரும்பி வந்து முதல் இரண்டு இடங்களையும் எடுத்ததும் இதே இடத்தில். 1961ல் ஜியான்கார்லோ பகெட்டி தன்னுடைய முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயத்திலேயே இங்கே வென்றார். 1966ல் ஜாக் பிராபம் தன் பெயரையே தாங்கிய காரில் வென்றார், சராசரி வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரை ஒட்டி. கார் பந்தயங்கள் 1969ல் நின்றன, மோட்டார் சைக்கிள்கள் 1972 வரை ஓடின.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த பிட்டுக்குள் போய் நில்லுங்கள். இன்றைய பிட் கராஜை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி இருக்கும். வண்டி உள்ளே வர இடமே இல்லை. ஆள் நிற்க ஒரு திறந்த அறை, முன்னால் இடுப்பளவு மதில், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் சாலை. தடுப்புச் சுவர், தனி பிட் பாதை எதுவும் கிடையாது. ஒருவர் சக்கரம் மாற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய முதுகுக்குச் சில அடி தூரத்தில் மற்ற கார்கள் முழு வேகத்தில் போயிருக்கும். நான் அங்கே நின்றபோது ஒரு சரக்கு லாரி கடந்து போனது. சாதாரண வேகம்தான். அதன் காற்றே சட்டையை இழுத்தது. புத்தகத்தில் படித்த 220 என்ற எண்ணுக்கு அப்போதுதான் எடை வந்தது.

அந்தக் கட்டடங்கள் இடிந்து விழாமல் நிற்பதற்கு 2004ல் அமைந்த ஒரு தன்னார்வலர் சங்கம் காரணம். சுவர்களில் எண்ணெய், டயர் கம்பெனிகளின் பழைய விளம்பரங்களை அவர்கள்தான் மறுபடி வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் சுவரில் கிறுக்காமல், கேலரியின் சிதைந்த படிகளில் ஏறாமல் வந்தாலே அவர்களுக்குச் செய்யும் உதவி.

குறை என்ன என்றால், ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஓடுகிற கார் ஒன்றும் இருக்காது. நிலமும் பெரிய ஏற்ற இறக்கம் உள்ளதல்ல. மீதி நாளை ரெய்ம்ஸ் பேராலயத்துக்கும் ஷாம்பெயின் நிலவறைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். பந்தயத்தில் ஆர்வமில்லாத குடும்பத்தாரோடு போகிறவர்களுக்கு ஐந்தில் இதுதான் பொருத்தம். யாருக்கும் நாள் வீணாகாது.

இனி லெ மான்ஸ். இதை இரண்டாகப் பிரித்தே பேச வேண்டும். ஜூன் மாதத்து 24 மணி நேரப் பந்தயம் ஒன்று, மற்ற நாட்களின் லெ மான்ஸ் இன்னொன்று.

பந்தயத்துக்கே போவதென்றால் அது ஒரு திருவிழா. மூன்று லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். 1923ல் தொடங்கிய பந்தயம் அது. சனிக்கிழமை மாலை 4 மணியையொட்டிக் கொடி அசையும், ஞாயிறு அதே நேரத்தில் முடியும். அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கொளியில் பிரேக் தட்டுகள் சிவந்து தெரிவதைப் பார்ப்பதற்காகவே வருடாவருடம் வருகிறவர்கள் உண்டு. ஆனால் தடம் 13.626 கிலோமீட்டர். நீங்கள் எங்கே நின்றாலும் அதில் ஒரு துண்டுதான் கண்ணில் படும். ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரம் ஆகும், நடை அதிகம். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் முன்பே திட்டமிட்டு, கூடாரம் போட்டுத் தங்கத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். சின்னக் குழந்தைகளோடு முதல் தடவை போவதற்கு நான் சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கு நிற்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: அதற்கு முந்தைய நாட்களில் கார்களை நகரச் சதுக்கத்துக்கே கொண்டுவந்து பொதுமக்கள் முன்னால் தொழில்நுட்பச் சோதனை செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். வெள்ளிக்கிழமை ஓட்டுநர்கள் நகருக்குள் ஊர்வலம் வருவார்கள். கார்களையும் ஓட்டுநர்களையும் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

தமிழர்களுக்கு இந்த இடத்தோடு ஒரு தொடர்பும் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2009ல் ஆடி காரில் இங்கே ஓட்ட வந்தார். பந்தயம் தொடங்குவதற்கு முன் பிட் சுவரைத் தாண்டும்போது தோள்பட்டை நழுவி, ஓட்ட முடியாமல் போனது. மூன்று வருடம் கழித்து, 2012ல், சென்னையின் கருண் சந்தோக் இங்கே ஓட்டி, அவர் அணி ஆறாவது இடத்தில் முடித்தது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். நரேனுடைய ஏமாற்றத்தைப் படித்திருந்தால், அந்த பிட் சுவரின் முன் நிற்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பந்தயம் இல்லாத நாட்களில் லெ மான்ஸ் வேறு ஊர். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து டிராம் நேராகத் தடத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஐந்து இடங்களில் கார் இல்லாமல் நிம்மதியாகப் போய்வர ஏற்றது இது ஒன்றுதான். நுழைவாயிலிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. வென்ற கார்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தாராளமாக அங்கே போகும்.

கார் இருந்தால் அதற்குப் பிறகு முல்சான் நேர்ச்சாலைக்குப் போங்கள். டிவியில் அதை நூறு தடவை பார்த்திருப்பீர்கள். நேரில் அது லெ மான்ஸிலிருந்து டூர் நகருக்குப் போகும் சாதாரண சாலை. ஓரத்தில் வீடுகள், கடைகள், மரங்கள். ஆறு கிலோமீட்டர் நூல் பிடித்தாற்போலப் போகும். 1988ல் ஒரு பிரெஞ்சு அணியின் கார் அங்கே மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த வேகத்தைக் குறைக்கத்தான் 1990ல் இரண்டு இடங்களில் வளைத்து ஒடித்தார்கள். அந்த ஒடிப்புகள் சாலையை விட்டு விலகிப் போகும் தனித் தார்ப்பாதைகள். சாதாரண நாட்களில் நீங்கள் நேராகப் போவீர்கள், அவை ஓரத்தில் அடைத்துக் கிடக்கும். அந்த வாயைக் கடக்கும்போது கெர்புகளின், அதாவது வளைவோர விளிம்புக் கற்களின், நிறம் மட்டும் கண்ணில் பட்டு மறையும். சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே போங்கள். அந்த நீளம் புரிய அது போதும். நேர்ச்சாலையின் முடிவில் முல்சான் ஊர், அங்கே வலப்பக்கம் திரும்பி காட்டுக்குள் ஆர்நாஜ் பக்கம் போகும் பகுதியும் பொதுச்சாலைதான். ஆர்நாஜ் வளைவு எவ்வளவு மெதுவான, இறுக்கமான வளைவு என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1955ல் பிரதான கேலரி எதிரே ஒரு மெர்சிடிஸ் கார் பறந்துபோய் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். ஓட்டுநர் பியேர் லெவேயும் இறந்தார். கார் பந்தயத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய உயிர்ச்சேதம் நடந்ததில்லை. அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயங்களையே தடை செய்தது. அந்தத் தடையின் கதை கொஞ்ச நேரத்தில் டிஜோனில் வந்து சேரும்.

மாக்னி-கூர் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பாரிஸுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டர், நெவேர் நகரத்தைத் தாண்டி, மாடு மேயும் பசும்புல் வெளியின் நடுவே இருக்கிறது. 1960களில் சின்னத் தடமாகத் தொடங்கியது. அந்த மாவட்டத்தில் நெடுங்காலம் அரசியல் செய்து குடியரசுத் தலைவரான ஃபிரான்சுவா மித்தரான் ஆதரவில் பெரிதாகக் கட்டப்பட்டு, 1991 முதல் 2008 வரை பிரெஞ்சு கிராண்ட் பிரீயை நடத்தியது. ஷூமாக்கர் அங்கே எட்டு முறை வென்றிருக்கிறார். 2002ல் ஜூலை மாதத்திலேயே அந்த வருட சாம்பியன் பட்டத்தை உறுதி செய்ததும் அங்கேதான். நரேன் கார்த்திகேயன் 2005ல் ஜோர்டான் என்ற ஃபார்முலா 1 அணிக்காக ஓடிய தடமும் இதுவே. வளைவுகளுக்கு எஸ்டோரில், அடிலெய்ட், நூர்பர்க்ரிங், இமோலா என்று மற்ற நாட்டுத் தடங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். அந்த நிலத்துக்குச் சொந்தமான எதையும் தடம் உங்களிடம் சொல்வதில்லை. தார் வழவழப்பு, ஓரங்கள் அகலம், ஓட்டுகிறவர்களுக்கு அருமையான இடம். பார்க்கப் போகிறவருக்கு, பந்தயம் இல்லாத நாளில், வெறும் வேலியும் வாகன நிறுத்துமிடமும்தான். செப்டம்பரையொட்டி நடக்கும் உலக சூப்பர்பைக் பந்தயத்துக்குப் போகிற மோட்டார் சைக்கிள் ரசிகர்களுக்கு மட்டும் மனமாரச் சொல்வேன். மற்றவர்கள் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

டிஜோன்-பிரெனுவா இதற்கு நேர் எதிர். இதுவும் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம்தான், 1972ல் திறந்தார்கள். ஆனால் கட்டியவர்கள் மலையைச் சமப்படுத்தவில்லை. டிஜோன் நகருக்கு வடமேற்கே, பர்கண்டி மேட்டுநிலத்தில், நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே சாலையை மேலே ஏற்றிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். முதலில் சுற்று 3.3 கிலோமீட்டர்கூட இல்லை. 1974ல் நிக்கி லாடா ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, 58.79 வினாடியில், ஒரு சுற்றை முடித்தார். இவ்வளவு சின்னத் தடத்தில் வேகமான கார்கள் மெதுவான கார்களைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் நீட்டினார்கள். இன்று 3.801 கிலோமீட்டர்.

இங்கே நடந்த 1979 பந்தயத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். வென்றவர் ஜான்-பியேர் ஜபூய். டர்போ எஞ்சின் பொருத்திய கார் ஃபார்முலா 1ல் பெற்ற முதல் வெற்றி அது. ரெனோ கார், பிரெஞ்சு ஓட்டுநர், மிஷ்லன் டயர், எல்ஃப் பெட்ரோல், எல்லாம் பிரெஞ்சு. ஆனால் அன்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாம் இடத்தை. ஃபெராரியில் ஜில் வில்நெவ், இன்னொரு ரெனோவில் ரெனே ஆர்நூ. கடைசிச் சுற்றுகளில் சக்கரத்தோடு சக்கரம் உரசி, ஒருவர் வெளியே போய் உள்ளே வந்து, மற்றவர் தாண்டி, மறுபடி இவர் தாண்டி, கடைசியில் கால் வினாடி வித்தியாசத்தில் வில்நெவ் முந்தினார். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருந்தாலும் சரி, முதல் வளைவின் பக்கத்தில் நின்று தடத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் போகத் தாராளமான இடமில்லை. அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை எவ்வளவு என்பது அங்கேதான் புரியும். இருவருமே பிறகு அதைப் பற்றிக் கோபமில்லாமல், சந்தோஷமாகத்தான் பேசினார்கள்.

அலன் பிராஸ்டின் முதல் வெற்றியும் இங்கே, 1981ல். மறுவருடம் சுவிஸ் கிராண்ட் பிரீ என்ற பெயரில் ஒரு பந்தயம் இங்கே நடந்தது. சொந்த நாட்டில் தடை இருந்ததால் பக்கத்து நாட்டில் வைத்துக்கொண்டார்கள். அதில் கேக்கே ராஸ்பெர்க் தன் முதல் வெற்றியைப் பெற்று, அந்த ஆண்டின் உலக சாம்பியனும் ஆனார்.

பார்வையாளர் கோணத்திலிருந்து டிஜோனின் பெரிய பலம் அந்த மேடு பள்ளம்தான். புல்மேட்டில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தால், சரிவில் இறங்கி எதிர் மேட்டில் ஏறும் கார்களைக் கண் நீண்ட தூரம் தொடர முடியும். லெ மான்ஸில் நடக்காத காரியம் இது. கடைசி வளைவான பூவாஸ், இறக்கத்தில் தொடங்கி நேர்ச்சாலையில் முடிகிறது. அந்த இடத்தில் எஞ்சின் சத்தம் மாறுவதை வைத்தே யார் துணிச்சலாக ஓட்டுகிறார், யார் தயங்குகிறார் என்று சொல்லிவிடலாம். அப்புறம் ஜூன் மாதத்தில் வரும் ‘ல’ஆஜ் தோர்’ பழங்கார் பந்தய விழா. 1960கள், 70களின் கார்கள் அங்கே காட்சிக்கு நிற்பதோடு முடிவதில்லை, உண்மையிலேயே போட்டி போடுகின்றன. இதுபோன்ற விழாக்களில் கார்கள் நிற்கும் இடத்துக்குள்ளேயே நடக்கலாம். மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்டால் பதிலும் சொல்வார். ஃபார்முலா 1 டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்த நெருக்கம் கிடைக்காது.

சிரமம் போக்குவரத்தில்தான். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு டிஜிவியில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு வாடகைக் காரோ டாக்சியோ வேண்டும். பந்தயம் இல்லாத நாளில் போவதென்றால், அன்று தடத்தை யாராவது பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்களா, பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். கேட்காமல் போனால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

கடைசியாக ஷராட். நடு பிரான்சில், கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக்கு மேலே, அணைந்துபோன எரிமலைகளைச் சுற்றி ஓடும் மலைச்சாலை. 1958ல் திறந்தபோது சுற்று 8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேர்ச்சாலை என்று சொல்லும்படி ஏறக்குறைய எதுவுமில்லை. ஏற்றம், இறக்கம், வளைவு, மறுபடி வளைவு. 1969ல் யோக்கன் ரின்ட்டுக்கு ஓட்டும்போதே தலைசுற்றிக் குமட்டியது, பாதியில் விலகினார். உலகத்தின் மிக வேகமான ஓட்டுநர்களில் ஒருவருக்கே அந்த நிலை. மறுவருடம் அதே தடத்தில் அவரே வென்றார்.

அங்கே இன்னொரு ஆபத்து கல். சாலையோரமெல்லாம் கறுத்த எரிமலைக் கல் துண்டுகள். முன்னால் போகிறவர் கொஞ்சம் ஓரம் தொட்டாலும் சக்கரம் கல்லை வாரி வீசும். 1972ல் அப்படி வந்த ஒரு கல் ஹெல்முட் மார்க்கோவின் முகக்கவசத்தைத் துளைத்து இடது கண்ணைப் பறித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் லெ மான்ஸில் வென்றவர். அன்றோடு அவருடைய ஓட்டுநர் வாழ்க்கை முடிந்தது. பின்னாளில் ரெட் புல் அணியின் இளம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்து, இன்றைய ரசிகர்களுக்கும் தெரிந்த முகமானார். அதே பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த கிறிஸ் ஏமனின் டயர் பஞ்சராகி, மூன்றாம் இடம்தான் கிடைத்தது. உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றைக்கூட வெல்லாமலே ஓய்வுபெற்ற மிகத் திறமையான ஓட்டுநர் அவர். ஃபார்முலா 1 அதற்குப் பிறகு ஷராட்டுக்கு வரவேயில்லை.

நீளமான பழைய தடத்தில் 1988 வரை பந்தயம் நடந்தது. பிறகு அதன் ஒரு பகுதியை வைத்து, 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான புதிய தடம் அமைத்தார்கள். அது வேலிக்கு உள்ளே இருக்கிறது, கார் பயிற்சிகளுக்கும் பழங்கார் நிகழ்ச்சிகளுக்கும் பயன்படுகிறது. பழைய தடத்தின் மீதிப் பகுதி பொதுச்சாலையாகவே இருக்கிறது. இதுதான் ஷராட்டின் சிறப்பு. நீங்களே உங்கள் காரில் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் ஜிம் கிளார்க்கும் வென்ற சாலையில் ஓட்டலாம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சரிவு, கீழே நகரம். மெதுவாகப் போங்கள், எதிரே வண்டி வரும், சைக்கிள்காரர்களும் நிறைய. இரண்டாம் கியரில் ஏறும்போது, இங்கே முந்துவதற்கு எங்கே இடம் தேடியிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

பக்கத்திலேயே 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ டோம் எரிமலை. மேலே போகப் பல்சக்கர ரயில் இருக்கிறது. அந்த எரிமலை வரிசை 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நகரத்தில் மிஷ்லன் கம்பெனியின் அருங்காட்சியகம், டயர் மேல் ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல விருந்து. குறை ஒன்றுதான், தூரம். பாரிஸிலிருந்து ரயிலிலேயே மூன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஒரே நாளில் போய்வருவது வீண் அலைச்சல். இரண்டு நாளும் ஒரு காரும் இல்லாமல் ஷராட்டுக்குத் திட்டமிடாதீர்கள். குளிர்காலத்தில் மலையில் பனி இருக்கும், மே முதல் செப்டம்பர் வரை நல்லது.

ஆக, என் தேர்வு இப்படி. ஜூனில் பிரான்சில் இருப்பீர்கள், தேதியும் ஒத்துவருகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஜோன் பழங்கார் விழா. லெ மான்ஸ் பந்தயமும் அதே மாதத்தில் வருவதால் பலர் தடுமாறுவார்கள். முதல் பயணத்துக்கு நான் டிஜோன் பக்கம்தான். தடத்தையும் காரையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது, கூட்டத்தில் கரைந்துபோகாமல் திரும்ப முடிகிறது. ஜூன் தவிர வேறு மாதம், கார் ஓட்டத் தெரியும், இரண்டு நாள் இருக்கிறது என்றால் ஷராட். கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் பந்தயமில்லாத நாளில் லெ மான்ஸ், அருங்காட்சியகமும் டிராமும் உங்களைக் காப்பாற்றும். முல்சான் சாலைக்கு ஒரு டாக்சி பேசிக்கொள்ளலாம். அரை நாள்தான் இருக்கிறது, அல்லது வீட்டாரையும் சமாதானப்படுத்த வேண்டும் என்றால் கியோ.

வாடகைக் கார் எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை இந்தியாவிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். கியர் பழக்கமில்லாதவர்கள் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. கிராமங்களில் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகள் மூடிக்கிடக்கும், வண்டியில் ரொட்டியும் தண்ணீரும் இருக்கட்டும்.

நாலைந்து நாள் கையில் இருப்பவர்களுக்கு ஒரு சுற்றுவழி சொல்கிறேன். பாரிஸில் காரை எடுத்து முதல் நாள் கியோ, இரவு ரெய்ம்ஸ். மறுநாள் மூன்று மணி நேரப் பயணத்தில் டிஜோன், அங்கே ஒரு முழு நாள். அங்கிருந்து கிளெர்மோன்-ஃபெரானுக்கு இறங்கி ஷராட்டுக்கு ஒரு பகலும் ஒரு காலையும். பாரிஸ் திரும்பும் வழி நெவேர் பக்கமாகவும் போகும், எனவே மாக்னி-கூர் வாசலையும் எட்டிப் பார்த்துவிடலாம். லெ மான்ஸ் எதிர்த் திசையில் இருப்பதால் அதை இந்தச் சுற்றில் சேர்க்காமல், பாரிஸில் மிச்சமிருக்கும் ஒரு நாளில் ரயிலில் போய்வாருங்கள்.